கோணல் வளையலின் மானம்

சல்லடைக்காரர் மண் சலித்தால் அதில் தப்பிப் பிழைக்கும் புழுவுக்கு இடுப்பு இளைத்திருக்கும் என்பது அகழாய்வுக் குழியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. மூன்று வாரத்தில், எழுநூறு வருஷத்துக்கு முந்தைய கண்ணாடி வளையல் துண்டுகள் அறுபத்தொன்று எடுத்து, பச்சை, மஞ்சள், கருநீலம் என்று மேஜையில் பரப்பியிருந்தார். துண்டைத் தொட்டதும் அது வெந்த உலையின் சூட்டைச் சொல்லிவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை, சரிபார்க்க ஆளும் இல்லை.

இங்கே வருவதற்கு முன் முப்பது வருஷம் உலையில் வளையல் செய்தவர். வினையே அதுதான். கோணியது, வழிந்தது, ஒன்றோடொன்று ஒட்டியது என்று மண்ணில் வந்த கழிசலையெல்லாம் ஒரு வாளியில் போட்டுச் சாக்கால் மூடிவிட்டார். செத்துப்போன தொழில்காரனின் மானத்தைக் கப்பலேற்றுவதா?

அன்று காலை தொல்லியல் துறை அதிகாரியம்மா வந்தார். குழியை மூடி வண்டி நிறுத்துமிடம் கட்ட, மண் தள்ளும் இயந்திரம் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்கு," என்றார் மேஜையைப் பார்த்து. "ஆனா இதெல்லாம் எங்கேயோ வாங்கிப் போட்டதா இருக்கலாம். இங்கேயே செஞ்சாங்கன்னு காட்டினாத்தான் வேலையை நிறுத்த முடியும். இல்லேன்னா இன்னைக்கே மூடிடுவாங்க."

சல்லடைக்காரர் வாளிமேல் சாக்கை இன்னும் இழுத்துவிட்டார்.

குழிக்குள் கோணல்மாணலாக மண் வெட்டிக்கொண்டிருந்த அவர் மனைவியின் தம்பி தலையை நீட்டினான். "மாமா, முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சது போதும். வாளிய எடுங்க."

"சும்மா இருடா. அந்த மனுஷன் பேரு கெட்டுடும்."

"ஆளு யாருன்னே தெரியாது. பேரு எங்கேருந்து கெடும்? இப்ப அவரு பட்டறையே மண்ணாப் போகப்போகுது!"

மானமா, பட்டறையா? சல்லடைக்காரர் பெருமூச்சு விட்டார். மேஜையில் இருந்த சீட்டுகள் பறந்தன. சாக்கை விலக்கி வாளியை நீட்டினார்.

ஒட்டிக்கொண்ட இரட்டை வளையலை எடுத்த அதிகாரியம்மா, நல்ல உடுப்போடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதை எந்தப் பொண்ணு வாங்கியிருப்பா? கெட்டுப்போனதை யாரும் தூரத்துக்குத் தூக்கிட்டுப் போகமாட்டாங்க. செஞ்ச இடத்துலயேதான் வீசுவாங்க. உலை இங்கேதான்!"

போனில் இரண்டே வார்த்தை. இயந்திரத்தின் உறுமல் நின்றது. திடீர் அமைதிக்குப் பயந்து நாலு தெருக் காக்கைகள் ஊரைவிட்டே போயின.

வளையலைப் போட்ட பைக்குள் வைக்கும் சீட்டில் அதிகாரியம்மா எழுதத் தொடங்கியபோது சல்லடைக்காரர் பணிவாகக் குனிந்தார். "அம்மா, ஒரே ஒரு வேண்டுகோள். இதைச் செஞ்சது உலைக்காரரோட மச்சான்னு எழுதிடுங்க."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

சல்லடைக்காரர் கொஞ்சமும் சிரிக்காமல் குழிக்குள் கையைக் காட்டினார்.

"மச்சான் வேலை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"