பர்மாப் புத்தகத்தின் கடைசிப் பக்கம்

என் பெண்டாட்டி சொர்ணவல்லிக்கு நான்கு பாஷை படிக்கத் தெரியும். எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. இதை மறைத்துத்தான் எங்கள் ஊர் குன்றாண்டார்கோவிலில் ஒன்பது வருஷம் பெரிய படிப்பாளி என்று பெயர் வாங்கியிருந்தேன். வெட்கக்கேடுதான், வேறென்ன சொல்ல? இப்போது இதை எழுதுகிற கைக்கு அன்றைக்கு 'உடையப்பன்' என்று கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறொன்றும் வராது.

அவள் ரங்கூனில் பிறந்தவள். தமிழும் இங்கிலீஷும் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தது. பர்மாப் பாஷை தெருவில் விளையாடிப் பழகியது. தெலுங்கு அடுத்த வீட்டுக்காரர்களிடம் கற்றுக்கொண்டது. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவளுக்கு வயசு பதினைந்து. தாயும் தகப்பனும் வழியிலேயே காலராவில் போய்ச் சேர்ந்தார்கள். தாய்மாமன் ஒருவரோடு மலையும் காடும் நடந்தே இந்தப் பக்கம் வந்தாள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

சண்டை ஓய்ந்ததும் மாமா மறுபடி ரங்கூனுக்கே போய்விட்டார். வருஷத்துக்கு ஒரு பார்சல் அனுப்புவார். அதில் பர்மாப் புத்தகங்களும் ஒரு கடிதாசியும் இருக்கும். அவள் கடிதாசியைத்தான் முதலில் படிப்பாள். படித்துவிட்டால் அன்று முழுக்கப் பேச்சு இருக்காது. மறுநாள் புத்தகத்தைக் கையில் எடுப்பாள், வீடு பழையபடி ஆகிவிடும். பார்சல் புத்தகம் தீர்ந்தால் ஆவூர் டீச்சர் ஒருத்தி இங்கிலீஷ் புத்தகங்கள் இரவல் தருவாள். அதுவும் தீர்ந்தால் கடையில் பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் பருப்பைக் கொட்டுவாள்.

மத்தியானம் நான் சாப்பிட வரும்போதுதான் அவளுடைய கச்சேரி. படித்த புத்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் அவளால் ரசம் ஊற்ற முடியாது.

"ராசா கதை ஒண்ணு படிச்சேங்க. நானூறு பக்கம். ராசா குதிரையில ஏறுறாரு, எறங்குறாரு, மறுபடி ஏறுறாரு. அந்தக் குதிரைக்கு ஒரு தடவையாச்சும் கொள்ளு வச்சாங்களா? இல்லையே! எழுதினவருக்கு வாயில்லா சீவன் மேல எரக்கமே இல்ல."

காதல் கதை என்றால் இன்னும் மோசம். "ஒரு கடுதாசி போட்டிருந்தா பத்தாவது பக்கத்துல கல்யாணம் முடிஞ்சிருக்கும். போடாம முன்னூறு பக்கம் அழுவுறாங்க." துப்பறியும் கதையில் சுருட்டுக் குடிப்பவன்தான் கொலைகாரன் என்று மூன்றாவது அத்தியாயத்திலேயே தெரிந்துபோய்விட்டதாம். "எங்கப்பாவும்தான் சுருட்டுக் குடிச்சாரு. ஒரு கோழியக்கூடக் கொன்னதில்ல." ஒரு துரை இமயமலை ஏறியதைப் பற்றி இங்கிலீஷில் எழுதியிருந்தாராம். "மூட்டை தூக்கினவன் அவருக்கு முன்னாடியே ஏறி நிக்கிறான். அவன் பேரு எங்கேன்னு தேடுறேன், காணோம்." தெலுங்குப் பாட்டுப் புத்தகம் வந்தால் மட்டும் குறை சொல்லமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வரி பாடிக் காட்டுவாள். அர்த்தம் கேட்டால், "ஒங்களுக்குச் சோறு ஆறிரும்" என்பாள். சமையல் புத்தகத்தைத்தான் தூக்கி எறிந்தேவிட்டாள். "உப்பு தேவையான அளவாம்! அந்த அளவு தெரிஞ்சவளுக்கு இந்தப் புத்தகம் எதுக்கு?"

எனக்கு அவள் பேச்சில் அப்படி ஒரு பிரியம். கேட்டதை வயிற்றோடு வைத்துக்கொள்ள முடியாது. எனக்கு வாடகை சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டும்போது டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறதென்று கண் பார்க்கும், வாய் சும்மாதானே இருக்கிறது? ராசாவின் குதிரைக்குக் கொள்ளு வைக்காத கதையை ஒருநாள் எடுத்து விட்டேன். காத்திருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நீ இம்புட்டுப் படிப்பியாண்ணே?" என்றான் பெரியகருப்பன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

கொஞ்ச நாளில் பஞ்சராகாத சைக்கிள்களும் கடைக்கு வர ஆரம்பித்தன. ஹெட்மாஸ்டர் ஆத்மநாதன் சாரே காற்று அடிக்கிற சாக்கில் வந்து நின்று கேட்பார். யாராவது பேப்பரை நீட்டினால், "கண்ணாடி வீட்ல இருக்கு, நீயே படி" என்பேன். எனக்குக் கண்ணாடியே கிடையாது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவன் கதைதான் என்னுடையது. சொர்ணவல்லி பேரை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாசம் பார்சல் வந்தது. கடிதாசி படித்த அன்று பேசவில்லை. மறுநாள் மத்தியானம் சோற்றைப் போட்டுவிட்டு, "பர்மாப் புத்தகம் ஒண்ணு படிச்சேன்" என்று ஆரம்பித்தாள். அன்றைக்குக் குறையும் சொல்லவில்லை, கிண்டலும் இல்லை. கதையை மட்டும் சொன்னாள்.

அக்காளும் தங்கச்சியும் சண்டைக்குப் பயந்து நடக்கிறார்கள். தங்கச்சிக்கு ஒன்பது வயசு. கால் வீங்கிப் போகிறது. அக்காள் அவளை முதுகில் சுமக்கிறாள். ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். படகுக்கு ஆயிரம் பேர் முட்டுகிறார்கள். கரையில் இருந்த ஒரு பர்மாக் கிழவியிடம் தங்கச்சியை உட்கார வைத்துவிட்டு, இடம் பிடிக்க அக்காள் படகில் ஏறுகிறாள். பின்னால் வந்த கூட்டம் நெருக்க, படகு கிளம்பிவிடுகிறது. தங்கச்சி கரையில் நின்று கையை நீட்டுகிறாள்.

"அப்பறம்?" என்றேன்.

"அம்புட்டுத்தான்."

"கடைசிப் பக்கம் கிழிஞ்சு போச்சா?"

"கிழியல. அதுல அம்புட்டுத்தான் இருக்கு."

எனக்கு வந்ததே கோபம்! "இவனெல்லாம் ஒரு எழுத்தாளனா? வெளக்கெண்ணெய்! ஒரு பச்சப் புள்ளைய ஆத்தங்கரையில நிக்க வச்சுட்டுக் கைகழுவிட்டுப் போறானே, இவன் வெளங்குவானா?" என்று கத்தினேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் கதையைக் கடையில் சொன்னேன். ஆற்றங்கரை வந்ததும் கீரைக்காரி மூக்காயி ஆத்தா கூடையை இறக்கிவைத்துவிட்டு அழுதது. "அந்தப் புள்ள என்னடா ஆச்சு? சொல்லுடா!" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அதன் முகத்தைப் பார்த்து 'அம்புட்டுத்தான்' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மளமளவென்று நானே ஒரு முடிவு கட்டினேன். கிழவி அந்தப் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டி வளர்த்தாள், அது பெரியவளாகிச் சந்தையில் பூக்கடை போட்டது, கல்யாணம் ஆகி முதல் பெண் பிறந்ததும் அக்காள் பேரையே வைத்தது என்று சொன்னேன். மூக்காயி ஆத்தா மூக்கைச் சிந்திக்கொண்டு நிம்மதியாகக் கூடையைத் தூக்கியது. அதன்பிறகு அந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ, கணக்கே இல்லை. ஒருநாள் ஹெட்மாஸ்டர் கேட்டுவிட்டு, "அருமையான நாவல். நான் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் படித்திருக்கிறேன்" என்றார்.

அடுத்து வந்த தை மாசம் எங்கள் ஊருக்குக் கிளை நூலகம் வந்தது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா, திருச்சியிலிருந்து அதிகாரி வருகிறார். புதன்கிழமை ஹெட்மாஸ்டர் கடைக்கு வந்தார்.

"உடையப்பன், நீங்கதான் நம்ம ஊர் வாசகர் சார்பா பேசுறீங்க. அந்தப் பர்மாப் புத்தகத்தையும் எடுத்துட்டு வந்துருங்க. ஒரு பக்கம் படிச்சு அர்த்தம் சொன்னீங்கன்னா அதிகாரி அசந்து போயிருவாரு."

அடி ஆத்தி! நட்டு முடுக்கிக்கொண்டிருந்த ரிஞ்சு என் காலில் விழுந்தது. ஊர் சிரிக்கும், அது பெரிதில்லை. ஒன்பது வருஷமாக அவள் வாயைத் திருடிப் பிழைத்தவன் என்று சொர்ணவல்லிக்குத் தெரிந்தால், அப்புறம் எனக்கு ஒரு புத்தகத்தைப் பற்றியாவது வாய் திறப்பாளா? மத்தியானச் சோறு வெறும் சோறாகிவிடுமே!

வியாழக்கிழமை அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எனக்கு ஒரு குருட்டு யோசனை. பர்மா எழுத்து இந்த ஊரில் எவனுக்குத் தெரியும்? ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் விரித்துவைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னால் முடிந்தது. வட்டம் வட்டமாக எழுத்திருந்த ஒன்றை எடுத்து இடுப்பில் செருகினேன். குடத்தோடு வாசலில் நிற்கிறாள்!

"ஏங்க, அதை என்னத்துக்கு எடுத்தீங்க?"

"அட்டை கிழிஞ்சிருக்கு புள்ள. சொல்யூஷன் போட்டு ஒட்டிக் கொண்டாரலாம்னு…"

"அட்டை நல்லாத்தான் இருக்கு. அது கோழிச் சீக்குக்கு மருந்து சொல்ற புத்தகம். நம்ம வீட்ல கோழியே இல்ல."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் குடத்தை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"குதிரைக்குக் கொள்ளு வைக்காததையும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என் பேரைச் சொல்லலையா? ஒரு தடவகூட?"

"சொல்லல, புள்ள."

குடத்தை இறக்கினாள். "நான் ஒங்ககிட்டதாங்க சொன்னேன். ஊருக்கா சொன்னேன்?" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதற்குப் பதில் இரண்டு அடி வாங்கியிருக்கலாம். பிறகு, "எந்தப் புத்தகத்தக் கேக்குறாங்க?" என்றாள்.

"அந்த அக்கா தங்கச்சி கதை. ஹெட்மாஸ்டர் சார்கூட அதை இங்கிலீஷ்ல படிச்சிருக்காராம்."

சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சரி, கோபம் தணிந்துவிட்டது என்று நானும் இளித்தேன். பார்த்தால், அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அப்படி ஒரு புத்தகமே இல்லீங்க."

எனக்கு உறைக்க நேரமாயிற்று. எழுத்துத் தெரியாதவன் என்பதோடு நான் மடையனும்தான். அந்த அக்காள் இவளேதான்! பதினாறு வருஷம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, படித்த கதை மாதிரி ஒருநாள் என் தட்டுக்கு முன்னால் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நான் என்ன செய்தேன்? எழுதினவன் விளங்குவானா என்று அவள் முகத்துக்கு நேரே சபித்தேன்.

"தங்கச்சி பேரு என்ன, புள்ள?"

"செவந்தி. மாமா ஒவ்வொரு கடுதாசியிலயும் எழுதுவாரு, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்னு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆத்தங்கரையோட முடிஞ்சு போச்சுன்னதும் கடையில என்ன சொன்னாங்க? அக்காக்காரியத் திட்டினாங்களா?"

"யாரும் திட்டல. நான்… நான் அங்கிட்டு முடிவை மாத்திச் சொல்லிட்டேன்."

"எப்படி?"

பயந்துகொண்டே சொன்னேன். கிழவி, பச்சிலை, பூக்கடை எல்லாம் சொன்னேன். முதல் பெண்ணுக்கு அக்காள் பேரை வைத்ததைச் சொன்னபோது, "என்ன பேருன்னு சொன்னீங்க?" என்றாள்.

"நீதான் பேரே சொல்லலையே. 'அக்கா பேரு'ன்னு மட்டும் சொன்னேன்."

"சொர்ணவல்லி" என்று தனக்குத்தானே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். "இன்னொரு தடவ சொல்லுங்க. பூக்கடையிலேர்ந்து." சொன்னேன். அன்றைக்கு வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்து வாசலில் மாலையும் மைக்கும் இருந்தன. என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். "எனக்கு ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதுங்க. நான் சொன்ன அம்புட்டும் என் வீட்டுக்காரி சொர்ணவல்லி சொன்னது. அவ பேரைச் சொல்லாம விட்டது என் தப்பு" என்று சொல்லிவிட்டேன். தலையை நிமிர்த்தினால் ஊரே வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறது. ஹெட்மாஸ்டர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நான் படித்தது வேறு புத்தகமாக இருக்கலாம்" என்று அதிகாரியிடம் முனகியது மைக்கிலேயே கேட்டது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மூக்காயி ஆத்தா எழுந்தது. சொர்ணவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டது. "இவன் படிக்கலேன்னா, அந்தத் தங்கச்சி பொழச்சதும் பொய்யா? நெசத்தச் சொல்லுடி!"

சொர்ணவல்லி என்னைப் பார்த்தாள்.

"நெசந்தான் ஆத்தா. நான் அதுல ஆத்தங்கரை வரைக்கும்தான் படிச்சேன். மிச்சத்த இவங்கதான் படிச்சாங்க. பொழச்சுத்தான் இருக்கா."

"இப்பத்தான் படிக்கத் தெரியாதுன்னாரு!" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் சோறு போடுவதற்கு முன்னால் என் கையில் சிலேட்டும் பலப்பமும் கொடுத்தாள். அ, ஆ எல்லாம் அப்புறம்தானாம். என் விரலைப் பிடித்து முதலில் எழுத வைத்தது 'செவந்தி' என்கிற பேரைத்தான்.