பறவை பார்த்த பக்கம்

கல்லூரிக்குள் துப்பாக்கி கொண்டுவரலாம் என்ற சட்டம் அமலுக்கு வந்த ஆகஸ்ட் முதல் தேதி காலையில், சால்ட் ஃபோர்க் கல்லூரிக்குள் உரிமத்தோடு கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துவந்தவர்கள் தோளில் ஆளுக்கொரு கிராக்கிள் வந்து உட்கார்ந்தது. டெக்சஸில் கிராக்கிளுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. காக்கையை இளைக்கவைத்து நீள வாலை ஒட்டிவிட்டது போலிருக்கும் அந்தப் பறவை, பர்கர் கடை வாசலில் உருளைக்கிழங்கு வறுவல் திருடித் தின்று பிழைப்பது. மனிதர் தோளில் ஏறியதுதான் புதிது. கல்லூரி எல்லைக்குள் கால் வைத்தால் வந்து அமரும், வெளியே போனால் பறந்துவிடும். துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது என்பது சட்டம். பறவை காட்டிக்கொடுத்தால் அது தெரிந்த கணக்கா, தெரியாத கணக்கா என்று கல்லூரி முதல்வர் அம்மாள் ஷெரீஃபை வரவழைத்துக் கேட்டார். ஷெரீஃப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "பறவையைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்லீங்க மேடம். அது பாட்டுக்கு உக்காந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

சட்டத்தைவிடப் பெரியது எங்கள் ஊர் மரியாதை. ஒருவரிடம் துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதைவிட மோசமான காரியம். அதனால் தோளில் முழுப் பறவை உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தாலும் யாரும் அதைப் பார்க்கவில்லை. கணக்கு வாத்தியாரின் சட்டையில் எச்சம் வழிந்தால், பக்கத்தில் இருப்பவர் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஒரு கைக்குட்டையை நீட்டுவார். அவரும் வெயில் ஜாஸ்தி என்று சொல்லித் துடைத்துக்கொள்வார்.

அந்தச் சட்டத்தை எதிர்த்து ஆசிரியர் கூட்டத்தில் தொண்டை வற்றப் பேசியவர் வரலாறு நடத்தும் வெர்லின் ஸ்ட்ரௌட். "பரீட்சைல தோத்தவன், காதலி விட்டுட்டுப் போனவன், இவங்க கையிலெல்லாம் துப்பாக்கி இருக்கலாம்கிறீங்களா? கோபம் வர்றப்ப மனுஷனுக்குக் கை காலியா இருக்கணும்யா!" என்று மேசையைத் தட்டினார். மண் பாடம் நடத்தும் ஆமோஸ் டிட்வெல் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். "கெட்டவன் உங்க சட்டத்தைக் கேட்டுட்டா வர்றான் ப்ரொஃபசர்? போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். நல்லவன் மட்டும் வெறுங்கையோட மேசைக்கு அடியில படுத்துக்கணுமா?" இரண்டு பேச்சுக்கும் கைதட்டல் விழுந்தது. இரண்டுமே சரியாகத்தான் பட்டது என்பது எங்களுக்குப் பெரிய தொல்லையாகப் போயிற்று.

வெர்லினின் மனைவி டெல்ஃபா, கல்லூரி நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும். வெர்லினுக்கு அந்தச் சிரிப்பு யார் பக்கம் போனாலும் வயிறு எரியும். டயர் கடைக்காரர், தேவாலயத்தில் பாட்டு நடத்துபவர், அவர்கள் வீட்டு நாய்க்கு ஊசி போடும் டாக்டர் என்று ஒவ்வொருவராக அவருடைய பொறாமைக்கு ஆளாகியிருந்தார்கள். பெண்டாட்டி மேல் என்ன பாசம் பார் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் எதுவும் பேசும். அந்த வீட்டில் போய்க் குடியிருந்தது ஊரா?

செப்டம்பரில் ஒருநாள் வெர்லின் தன் மாடி அறை ஜன்னலிலிருந்து எதிரே நூலகத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். டெல்ஃபாவின் தோளில் ஒரு கிராக்கிள். அது அக்கம்பக்கம் பார்க்காமல் இவர் இருந்த கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இவருடைய அறைக்கு நேர் கீழே இருந்தது ஆமோஸ் டிட்வெல்லின் அறை. ஆமோஸுக்கும் தோளில் பறவை உண்டு, கொழுத்துப் பளபளவென்று இருக்கும். வெர்லினுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனசு போகிற பக்கம் பறவை பார்க்கிறது, அவளுக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததே அந்த மண் வாத்தியார்தான் என்று முடிவுகட்டினார். கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் பறவையைப் பற்றிக் கேட்டால் துப்பாக்கியைப் பற்றிக் கேட்டதாகும், அவ்வளவு நாகரிகம் கெட்டவரா அவர்? வீட்டில் டெல்ஃபா எப்போதும்போல் ஐஸ் போட்ட தேநீரை முன்னால் வைத்தார், இவரும் எப்போதும்போல் நன்றி சொன்னார். பருத்தி அறுவடை முடிந்தது, தூசிப் புயல் வந்து போயிற்று, இவர் அந்த ஜன்னலில் நின்று நின்று மாசக்கணக்கில் வெந்தார்.

பறவைகள் எதைப் பார்க்கின்றன என்பது ஊருக்குப் பிடிபட்டது அடுத்த வசந்தத்தில். நர்ஸ் படிப்பில் மார்வா என்று ஒரு பெண், மூன்று பிள்ளைகளுக்குத் தாய். அவளுடைய பறவை எப்போதும் கிழக்கு வாசலையே பார்க்கும். ஒருநாள் அது கழுத்தைத் திருப்பி மேற்கு வாசலைப் பார்த்தது. போய்ப் பார்த்தால் அவளை அடித்துத் துரத்திய, கிழக்கே குடியிருக்கும் பழைய புருஷனின் பிக்கப் வண்டி அங்கே நின்றது. அதன்பின் கவனித்ததில் எல்லாம் ஒத்துப்போயிற்று. ஆமோஸின் பறவை, அவர் ஃபெயிலாக்கிய ஒரு முரட்டுப் பையன் தங்கியிருந்த விடுதியைப் பார்த்தது. பையன் லப்பக் நகரத்துக்கு மாறிப் போனதும் அதுவும் லப்பக் பக்கம் திரும்பிக்கொண்டது. ஆக, பறவை பார்ப்பது காதலை அல்ல, பயத்தை.

வெர்லினுக்கு ஒரு மதியம் முழுக்க மனம் குளிர்ந்து கிடந்தது. டெல்ஃபாவுக்கு ஆமோஸ் மேல் ஆசை இல்லை, பயம்தான். சாயங்காலம் ஆவதற்குள், பயப்படும்படி அவன் அவளை என்ன செய்தான் என்ற கேள்வி வந்தது. பழைய எரிச்சல் இரண்டு பங்காகத் திரும்பியது. கோபத்தில் கை காலியாக இருக்கவேண்டும் என்று பேசிய அதே மனிதர், பக்கத்து மாவட்டத்துக்குப் போய் வகுப்பில் உட்கார்ந்து, காகிதப் பொம்மையைச் சுட்டு, உரிமம் வாங்கினார். சின்னக் கறுப்புத் துப்பாக்கி ஒன்றும் வாங்கினார். அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கல்லூரிக்குள் வந்தபோது பறவை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கணக்கு வாத்தியாருக்குக்கூட ஒன்று இருக்கிறதே என்று அதற்கும் ஒரு பொறாமை. தோளில் ரொட்டித்தூளைத் தூவிக்கொண்டு மரத்தடியில் நின்றுபார்த்தார். எறும்புதான் ஏறியது.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை நண்பகல், ஆமோஸை நேரில் பார்த்துவிடுவது என்று அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். அதே நேரம் நூலகத்தில் டெல்ஃபாவின் பறவை தோளில் முன்னும் பின்னும் நடக்க ஆரம்பித்தது. டெல்ஃபா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். புல்வெளி நடுவே நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்து ஆமோஸ் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கோட்டுக்குள் கைவிட்டபடி வெர்லின் வருவதைப் பார்த்தார். தோளில் பறவை இல்லாததால் ஒன்றும் நினைக்கவில்லை.

"வாங்க ப்ரொஃபசர், பிரிஸ்கெட் கறி அருமையா இருக்கு. ஒரு வாய்?"

வெர்லின் டெல்ஃபாவின் பறவையைத் திரும்பிப் பார்த்தார். அது ஆமோஸைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தது. இவர் இடப்பக்கம் நகர்ந்தார், அலகும் இடப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் வந்தார், அதுவும் வந்தது. நம்ப முடியாமல் டெல்ஃபாவை ஒருமுறை முழுசாகச் சுற்றினார். டெல்ஃபா அசையாமல் நிற்க, தோளில் பறவை மட்டும் அவரோடு ஒரு சுற்றுச் சுற்றி முடித்தது. புல்வெளியில் இருந்த அத்தனை பேரும், எங்கள் மரியாதையை மறந்து, அதைப் பார்த்தார்கள்.

"ஆமோஸ் அங்க உக்காந்திருக்கான். அவனப் பாரு!" என்று வெர்லின் பறவையிடம் கத்தினார்.

"அதுக்கு ஆமோஸ் யாருன்னே தெரியாது வெர்லின்" என்றார் டெல்ஃபா. கை பைக்குள் இருந்தது.

"எப்பலேருந்து என்னைப் பாக்குது?"

"டாக்டரைப் பாத்துச் சிரிச்சேன்னு, எதிர்ல வந்த பருத்தி லாரிக்கு நேரா காரை விட்டியே, அன்னைலேருந்து. கடைசி நொடில ஒடிச்சுத் திருப்பிட்டு, பயந்துட்டியா கண்ணுன்னு நீ சிரிச்ச. அந்த வாரமே நான் லைசன்ஸ் வகுப்புக்குப் போனேன். யாரும் கூட்டிட்டுப் போகல. நானேதான் போனேன்."

வெர்லின் கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்தபோது துப்பாக்கியும் கூட வந்தது. ஆமோஸ் மெல்லுவதை நிறுத்தினார். "உங்ககிட்ட பறவையே இல்லையே ப்ரொஃபசர்..." என்றார்.

"எனக்கு வரல" என்றார் வெர்லின். அழுதுகொண்டிருந்தார். "ரொட்டித்தூள்கூடப் போட்டுப் பாத்தேன்." துப்பாக்கியை நீரூற்றின் விளிம்பில் வைத்துவிட்டு, புல்லில் உட்கார்ந்துகொண்டார். டெல்ஃபா பைக்குள்ளிருந்து கையை எடுக்க இன்னும் வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதையே இரண்டு கட்சியும் எடுத்துப் பேசியது. டெல்ஃபாவின் பையில் துப்பாக்கி இருந்ததால்தான் அன்று யாரும் சாகவில்லை என்றது ஒன்று. யாருக்கும் பயப்படாத ஆளுக்குத்தான் பறவை வருவதில்லை, அவன் கோட்டுக்குள் இருப்பதுதான் யாருக்கும் தெரிவதில்லை என்றது மற்றது. வழக்கம்போல் இரண்டுக்கும் கைதட்டினோம். சட்டம் அப்படியே இருக்கிறது. வெர்லினின் உரிமம் மட்டும் போயிற்று. டெல்ஃபா ஊர்க்கோடித் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் தனி வீடு எடுத்துக்கொண்டார்.

வெர்லின் இன்னும் வரலாறு நடத்துகிறார், பாடம் நன்றாகவே நடத்துகிறார். இப்போது அவருக்குப் பொறாமை அந்தப் பறவையின் மேல்தான். பகல் முழுக்க அவள் காதோரம் உட்கார்ந்திருக்கிறதே என்று அவர் ஜன்னலில் நிற்பதை நாங்கள் பார்க்கிறோம். கல்லூரியில் யாருக்காவது வெர்லினைப் பார்க்கவேண்டியிருந்தால் முதலில் நூலகத்துக்குப் போவார்கள். டெல்ஃபா புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டே தோளைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுவார். அலகு காட்டும் பக்கமாக நடந்தால், வெர்லின் இருப்பார்.