ரெண்டு பக்கத்துச் சொந்தமும்

"அடுத்த தடவை ரெண்டு பக்கத்துச் சொந்தக்காரங்களும் வந்தா நல்லது" என்றுதான் டாக்டர் பிருந்தா சொன்னார். இதை என் வீட்டுக்காரர் அருள்பாண்டியிடம் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் ஆட்களில் ஒருவரை அழைத்து இன்னொருவரை விட்டால், அடுத்த விசேஷம் வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். அதனால் அவர் எல்லாரையும் அழைத்துவிட்டார்.

திருமங்கலத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் ஆரப்பாளையம் கிளினிக் வாசலில் இறங்கினார்கள். பெரியமாமனார் நல்லகாமன் டாக்டருக்கு மாலை வாங்கி வந்திருந்தார். தேங்காய் பழத் தட்டு வேறு. என் மகள் காதுகுத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் இல்லை.

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. என் மகள் முனீஸ்வரிக்கு ஒன்பது வயது, வாய் ஓயாத பிள்ளை. பல் தேய்க்கப் போனவள் பாதியில் பூனை பின்னால் ஓடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் முக்கால்வாசி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றாள். ஏ.டி.எச்.டி என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிள்ளை உட்கார்ந்தாள், ஆனால் உட்கார்ந்தவள் அப்படியே இருந்துவிட்டாள். சோறு இறங்கவில்லை, தொட்டதற்கெல்லாம் அழுகை. கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு ஒரு வழி கிடைக்கலைன்னா மாத்திரையே வேணாம்" என்று அருள்பாண்டி முடிவாகச் சொல்லியிருந்தார். அப்புறம் மறுபடி வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

கூட்டத்தைப் பார்த்து டாக்டர் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. இது குடும்பத்து வழியா வர்றது அதிகம். இதுவும் ஆட்டிசமும் ஒரே வீட்டுல கலந்து வர்றதும் உண்டு. மாத்திரை ஒத்துக்கிறதுலகூட பரம்பரைக்குக் கொஞ்சம் பங்கு இருக்கு. இது யார் குத்தமும் இல்ல. உங்கள்ல யாரு சின்னதுல இப்படி இருந்தீங்க? யாராவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"எங்க பக்கம் அப்படியெல்லாம் யாரும் கிடையாதும்மா" என்றார் நல்லகாமன், அங்குமிங்கும் நடந்துகொண்டே. அவர் ஓர் இடத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை.

"எங்க பக்கமும் இல்ல" என்றாள் என் சித்தி. வாசலில் என் தம்பி சோலை, கழற்றிப்போட்ட செருப்புகளை எல்லாம் அளவுவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டான், ஆனால் மதுரைக்குள் ஓடும் பஸ் அத்தனைக்கும் நேரம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வான்.

இவர்கள் வாய் திறக்காததற்குக் காரணம் இருந்தது. சோலைக்கும் என் நாத்தனார் அன்னக்கொடிக்கும் அடுத்த வாரம் பரிசம் போட்டு நிச்சயம். இந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஒப்புக்கொள்ளும்?

முனீஸ்வரி என் மடியில் சாய்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கறிச்சோறுன்னா மட்டும்தான் எல்லாரும் வாயைத் திறப்பீகளா?" என்று கத்தியே விட்டேன்.

அன்னக்கொடி எழுந்தாள்.

"நான் சாப்பிடுறேன் மதினி. கோயம்புத்தூர்ல படிக்கையில இருந்தே. கேட்டவுகட்ட எல்லாம் சத்து மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன். மொதல்ல குடுத்தது எனக்கும் இப்படித்தான், சோறு எறங்காது, அழுகையா வரும். பெறகு வேற ரகம் மாத்துனாக. அதுலதான் மனுசியானேன்."

கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரைப் பெயரையும் எழுதியிருந்த பழைய சீட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினாள். சோலை பக்கம் அவள் திரும்பவே இல்லை.

டாக்டர் படித்துப் பார்த்தார். "இவளுக்குக் குடுத்ததும் அதே மொத மாத்திரைதான். அத்தைக்கு ஒத்துக்கிட்டது இவளுக்கும் ஒத்துக்கும்னு உறுதி இல்ல. ஆனா எங்க தேடணும்னு ஒரு பிடி கிடைச்சிருச்சு. கொஞ்சமா ஆரம்பிச்சுப் பாப்போம்."

நல்லகாமன் நடையை நிறுத்தினார். "அப்ப... பரிசம்?" என்று இழுத்தார். எல்லாரும் சோலையைப் பார்த்தோம்.

சோலை செருப்பைப் பார்த்தபடியே சொன்னான்: "செவ்வாக்கிழமை, பத்தரை மணி. அதுல என்ன மாத்தம்?" பிறகு ஒரு செருப்பைக் கையில் எடுத்தான். "அன்னக்கொடி செருப்புல வார் அந்திருக்கு. நடந்தா விழுந்துரும். தச்சிட்டு வாரேன்."

அதை எடுத்துக்கொண்டு போயே விட்டான். அன்னக்கொடி அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கிளினிக்கிலிருந்து வேன் வரைக்கும் ஒற்றைச் செருப்போடு நடந்தாள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. அதற்குள் புது மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைத்து டாக்டர் ஒரு நிதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மண்டபத்தில் முனீஸ்வரி இலையில் வைத்த இரண்டாவது வடையையும் தின்றாள். தின்றுகொண்டே கேட்டாள்:

"அம்மா, தாத்தா ஏன் நடந்துக்கிட்டே சாப்பிடுறாரு? மாமா ஏன் மாப்பிள்ளக் கோலத்துல செருப்பு அடுக்குறாரு? அத்தைக்கும் எனக்கும் மாத்திரை ஒண்ணுன்னா, நான் யாரு பக்கம்?"

"கொஞ்ச நேரம் வாயை மூடேன்டி!" என்று அதட்டினேன். அதட்டிய பிறகுதான் உறைத்தது. வடை தின்ற எண்ணெய்க் கையோடு இருந்தவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"கேளு தாயி" என்றேன். "இன்னும் கேளு."