விரிஞ்சிபுரம் குழி

ஆம்பூரிலிருந்து விரிஞ்சிபுரம் வழியாகப் பாகாயம் போகும் சாலையின் முந்நூற்றுப் பதினெட்டுக் குழிகளையும் அக்சா நாட்றம்பள்ளியில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் அழித்தாள். வண்டிகளின் சஸ்பென்ஷனைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. நான்கு சக்கரங்களும் நான்கு இரும்புத் தூண்கள்மேல் நிற்கும். ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில் தூண்கள் ஏறி இறங்கும். சாலையில் பதிவு செய்துவந்த குலுக்கலையெல்லாம் வண்டி நின்ற இடத்திலேயே வாங்கிக்கொள்ளும். ஜனவரியில் ஒரு ஆம்புலன்ஸைச் சோதிக்கையில், கம்ப்யூட்டர் திரையில் பதிவின் கோடு ஓரிடத்தில் துருத்தியதைக் கருவிக் கோளாறு என்று நினைத்துத் தட்டையாக்கினாள். பத்தே நிமிடத்தில் மாதனூர் டீக்கடை சமீருல்லா போன் செய்தார்.

"இன்னாம்மா பண்ணீங்க? கடைக்கு எதிர இருந்த குழியக் காணோம். நீங்கதானே அன்னிக்கு அளந்துட்டுப் போனீங்க? அதுல ஸ்லோ பண்றவன்தான் நமக்கு கஸ்டமரே!"

அக்சா மன்னிப்புக் கேட்டுவிட்டு இன்னொன்றை அழித்துப் பார்த்தாள். அதுவும் போயிற்று.

அவளுடைய அம்மா இன்பம், ஷூ கம்பெனியில் இருபது வருடம் தையல் மிஷின் ஓட்டியவள், படியில் விழுந்து முதுகெலும்பு நொறுங்கி ஆம்பூரில் அசையாமல் கிடந்தாள். ஆபரேஷன் பாகாயம் ஆஸ்பத்திரியில். வழியில் பலமாக ஒரு குலுக்கல் பட்டாலும் கால்கள் போய்விடும் என்றார் டாக்டர். அக்சா இரண்டு நாளில் எல்லாக் குழிகளையும் அழித்தாள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் வைத்த டீ பாகாயம்வரை ஒரு சொட்டுத் தளும்பவில்லை. டிரைவர் கோதண்டராமன் இறங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, சாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு கட்சிகள் தங்களுக்குத் தாங்களே நன்றி சொல்லி பேனர் வைத்தன.

எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் மே மாதம்வரை இடுப்புக்குக் கீழே இன்பத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கால்களைப் பற்றிக் கேட்டால் டாக்டர் அடுத்த செக்கப்புக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

"ஒரே ஒரு குழிய திருப்பி வைடீ," என்றாள் இன்பம். "விரிஞ்சிபுரம் வளைவுல இருந்துச்சே, அந்த பேஜார் புடிச்ச குழி."

"உனக்கு இன்னா பைத்தியமாம்மா?"

"காலு இருக்கா இல்லியான்னு தெரியணும். நீ கேட்டா அது சொல்லுமா?"

அக்சா அந்தக் குழியின் கோட்டைத் திரும்ப வரைந்தாள். மவுஸ் சற்று வழுக்கியதில் ஆழம் பழையதைவிட ஓர் அங்குலம் ஜாஸ்தி. அடுத்த செக்கப்புக்குப் போகையில் ஆம்புலன்ஸ் அதில் இறங்கியது.

"ஐயோ, என் கட்டவெரலு!"

"எந்தக் கால்மா?"

"ரெண்டுந்தான்டீ!"

கோதண்டராமன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதார்.

இன்பம் இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள். சாலை போட வருகிறவர்கள் அந்தக் குழியைச் சுற்றித்தான் தார் போடுகிறார்கள். கால் விளங்காதவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் அதில் மெல்ல இறங்கி ஏறுகின்றன; வெள்ளியும் ஞாயிறும் கூட்டம் அதிகம். சமீருல்லா டீக்கடையை அந்தக் குழிக்கு எதிரே மாற்றிக்கொண்டார்.