சிரித்த முகமாக ஒரு படம்

மண் டீச்சர், எலி டீச்சர் என்பது மாணவர்கள் வைத்த பெயர்கள். ஒருத்தி உப்பேறிய நிலத்தை ஆராய்கிறாள், இன்னொருத்தி வயல் எலிகளை. கல்லூரி மாடியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே மின்விசிறி, ஒரே டீ பிளாஸ்க். அப்படி இருந்தவர்களில் எலி டீச்சர் ஒரு வாரமாக நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

எல்லாம் அந்த வெளிநாட்டு ஆய்விதழால் வந்த வினை. அதன் ஆசிரியர் குழு முழுக்க ஒரே நாட்டு ஆண்கள் என்று யாரோ கூச்சல் போட, அவர்கள் தேடிப் பிடித்து மண் டீச்சரை உறுப்பினராக்கினார்கள். அவள் அனுப்பிய படத்தைத் திருப்பி அனுப்பி, ‘கொஞ்சம் சிரித்த முகமாக ஒன்று’ என்று கேட்டார்கள். அனுப்பினாள். கல்லூரி வாசலில் பேனர் கட்டியாயிற்று. அதன்பின் படித்துப் பார்க்க ஒரு கட்டுரைகூட அவளுக்கு வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று, வேலை மிச்சம் என்றிருந்தாள் மடச்சி.

போன வாரம் எலி டீச்சரின் கட்டுரை அங்கிருந்து நிராகரிக்கப்பட்டு வந்தது. கடிதத்தின் கீழே மண் டீச்சரின் பெயர்! எலி டீச்சருக்கு ஒப்பந்த வேலை. இந்த வருடத்துக்குள் பெரிய இதழ் ஒன்றில் கால் பதிக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“படிச்சியா, படிக்கலையா? அதை மட்டும் சொல்லு.”

“சத்தியமா நான் அதைக் கண்ணாலகூடப் பார்க்கலைடி.”

“அப்ப உன் பேரு காத்துல பறந்து போய் ஒட்டிக்கிச்சா?”

அன்றோடு பேச்சு நின்றது.

மண் டீச்சர் அந்த இதழின் தலைமை ஆசிரியரை வீடியோவில் பிடித்தாள். மனிதர் தேனாய்ப் பேசினார்.

“உங்க நாட்டுல இருந்தும் அக்கம்பக்கத்து நாடுகள்ல இருந்தும் வர்ற கட்டுரைகளைத் திருப்பி அனுப்பறப்ப உங்க பேர்ல அனுப்பறோம். பாரபட்சம்னு யாரும் வாயைத் திறக்க முடியாது பாருங்க. முடிவெல்லாம் நாங்களே எடுத்துடுவோம். உங்களுக்குச் சிரமமே இல்லை.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார்த்தியது போதாதென்று கத்தியையும் அவள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

“அப்ப நான் விலகிக்கறேன்.”

“தாராளமா. ‘கூப்பிட்டோம், வந்தாங்க, நிலைக்கலை’ன்னு அறிக்கையில போடுவோம். இனிமே உங்க பக்கத்துல யாரையும் கூப்பிட மாட்டாங்க, அதான் வருத்தம்.” பிறகு ஞாபகம் வந்தவர்போல, “ஒரு பெண் போதாதுன்னு புகார் வந்திருக்கு. இன்னொருத்தர் பேரு இருந்தா சொல்லுங்களேன்,” என்றார்.

துறைத்தலைவரிடம் போனால் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏம்மா, உங்க பேரைக் காட்டித்தானே புது லேப் கேட்டிருக்கோம்? விலகறேன்னு வெளியில மூச்சு விடாதீங்க!”

மண் டீச்சருக்கு மூச்சு முட்டியது. இருந்தால் பாவம், எழுந்தால் துரோகம். புலிவாலைப் பிடித்தாயிற்று. அவமானத்தில் அழுகை வந்தது, ஆத்திரத்தில் நின்றது. அறைக்கு வந்து, அந்த முதுகைப் பார்த்தே எல்லாவற்றையும் கொட்டினாள்.

நாற்காலி மெல்லத் திரும்பியது.

“குழுவுல பேரு இருந்தா எனக்கு வேலையை நீட்டிப்பாங்களா?”

மண் டீச்சருக்குத் திக்கென்றது. “நீட்டிப்பாங்க. ஆனா குழுவுல இருக்கறவங்க அந்த இதழ்ல எழுதக்கூடாது, அது விதி. உன் எலிக் கட்டுரைக்கு அங்க கதவே மூடிடும்.”

“இப்ப மட்டும் திறந்தா கிடக்கு?”

“நாளைக்கு உன் மாணவி கட்டுரை உன் பேர்லயே திரும்பி வரும்டி. அவ உன் முன்னால வந்து நிப்பா. என்ன சொல்லுவே?”



“ரெண்டு பிள்ளைங்களும் படிச்சுட்டிருக்காங்க,” என்றாள் எலி டீச்சர். “அவரு வேலையில்லாம வீட்டுல உட்கார்ந்திருக்காரு. உத்தமியா இருக்க எனக்கு வசதி இல்லை. என் பேரைக் கொடு.”

கொடுக்காவிட்டால் தோழி தெருவுக்கு வருவாள். கொடுத்தால் இதே கூண்டுக்குள் வருவாள். மண் டீச்சர் பெயரை அனுப்பினாள்.

மறுநாளே படம் கேட்டார்கள். வெள்ளைச் சுவரோரம் எலி டீச்சர் விறைத்துக்கொண்டு நின்றாள். மண் டீச்சர் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

“சிரிக்கணுமா?”

“சிரிச்சுத்தான் ஆகணும். இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.”

“அடப்பாவிங்களா! எழுதினதைத் திருப்பினீங்க, இப்ப மூஞ்சியையுமா?”

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மண் டீச்சரும் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். அந்தச் சிரிப்போடு படம் எடுத்து அனுப்பினார்கள்.

அன்றைக்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.