ரஹ்மத் என்ற நடுப்பெயர்

குழந்தை பிறந்த அன்றே நூர்முகம்மது அதை ரஹ்மத் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பெயர் வைக்கும் ஏழாம் நாள் இன்னும் வரவில்லை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. மாமனார் ஏதோ ஆசையில் கூப்பிடுகிறார் என்றுதான் ஜஸீலாவுக்குப் பட்டது. மாசமாக இருந்தபோதே அவள் ஸஹ்லா என்ற பெயரை மனதில் எடுத்து வைத்திருந்தாள்.

தீவில், ஜங்லிகாட் பகுதியில் அவர்களுடைய துணிக்கடைக்கு மேலேதான் வீடு. போன வருஷம் கல்யாணமாகி மேலப்பாளையத்திலிருந்து கடல் கடந்து வந்தவள் ஜஸீலா. பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஊரின் இன்னொரு பகுதியான குட்வில் எஸ்டேட்டிலிருந்து நாத்தனார் ஜன்னத் பீவி வந்திருந்தாள். மருந்து அரைப்பாள், துணி அலசுவாள், எல்லாம் செய்வாள். குழந்தையை மட்டும் தொடமாட்டாள்.

"ஏன் மைனி, ஒரு தடவகூட தூக்க மாட்டேங்கீங்க?" என்று ஒரு மத்தியானம் ஜஸீலா கேட்டேவிட்டாள்.

ஜன்னத் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். வாப்பா நூர்முகம்மது கீழே கடையில் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ரஹ்மத்துங்கிறது வாப்பாவோட உம்மா பேரு. தன் பேரு இந்த வீட்டுல அணையக் கூடாதுன்னு மவுத்தாகுற நேரத்துல சொல்லிட்டுப் போனாங்களாம். என் தங்கச்சிக்கு வச்சாங்க. சுனாமியில போயிட்டா. பொறவு என் மகளுக்கு வச்சாங்க."

ஜன்னத்தின் மகள் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது ஜஸீலாவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் பெயரை மட்டும் இந்த வீட்டில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தையை அவள் கை தானாக இறுக்கியது.

புருஷன் தௌபீக் கடையடைத்து மேலே வந்ததும் அவனிடம் கேட்டாள். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"வாப்பாகிட்ட யாரு பேசுறது? ஒண்ணு செய்வோம். முன்னால நீ நெனச்ச பேரு, நடுவுல வாப்பா சொல்ற பேரு, கடைசியில என் பேரு. ஸஹ்லா ரஹ்மத் தௌபீக். ஸ்கூல்ல, ஆபீஸ்ல நடுப்பேரை யாரு கூப்பிடப் போறா?"

"நடுவுல வச்சாலும் பேரு பேருதானங்க?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பச்சை உடம்புக்காரிக்கு வாதாடத் தெம்பில்லை. சரி என்றாள்.

ஏழாம் நாள் முடி இறக்கினார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத் துஆ ஓதினார். கத்தி பட்டதிலிருந்து குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. நூர்முகம்மது அதைக் கையில் வாங்கி, காதருகே குனிந்து பெயரைச் சொன்னார். பக்கத்திலேயே நின்ற ஜஸீலாவுக்குத் தெளிவாகக் கேட்டது. ஸஹ்லா என்று அவர் சொல்லவேயில்லை. குழந்தை அழுகையைச் சட்டென்று நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தது.

"பேரு பிடிச்சுப் போச்சு," என்று வந்தவர்கள் சிரித்தார்கள். ஜஸீலா மாமனார் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு தௌபீக்கின் வாயிலும் ரஹ்மத்தான் வந்தது. ஸஹ்லா என்று கூப்பிட அவள் ஒருத்திதான்.

மழை வெறித்த ஒரு காலையில் குளித்துவிட்டு வந்தாள். தொட்டில் காலியாகக் கிடந்தது. செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள். படகுகள் நிற்கும் ஜெட்டிப் பக்கமிருந்து மாமனார் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி வந்துகொண்டிருந்தார். கைலி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"எங்க கொண்டு போனீங்க மாமா?"

"கடலுக்குக் காட்டிட்டு வந்தேன்மா," என்றார் அவர் அன்பாக. "ரஹ்மத் எங்க வீட்டுலதான் இருக்கான்னு அதுக்கும் தெரியணும்ல? பாதத்தை மட்டும் நனைச்சேன். இனி எடுக்காது."

ஜஸீலா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு படியேறினாள். பிஞ்சுப் பாதம் ஐஸாக இருந்தது. அன்றுதான் ஜன்னத் முதல்முறையாகக் கை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். தன் முந்தானையால் அதன் பாதத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் காய்ந்த பிறகும் துடைத்தாள்.

"என் பிள்ளையையும் இப்படித்தான் கொண்டு போய்க் காட்டுனாங்க," என்றாள் மெதுவாக. "அந்த வருஷமே போயிட்டா. நீ உன் உம்மா வீட்டுக்குப் போயிரு ஜஸீலா. கப்பல் வேண்டாம், பிளேன்ல போ. டிக்கெட்டுக்கு நான் பாக்குறேன்."

தாய்வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று தௌபீக்கும் விட்டுவிட்டான். மெயின்லேண்ட் போகிற அன்று நூர்முகம்மது தடுக்கவில்லை. ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, "ரஹ்மத், சீக்கிரம் வந்துரு," என்றார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை கண்ணைத் திறந்தது.

விமானத்தில் பக்கத்து ஸீட்டில் ஒரு பெங்காலி அம்மாள். குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, பெயர் என்ன என்று ஹிந்தியில் கேட்டாள். ஸஹ்லா என்று சொல்லத்தான் ஜஸீலா வாயெடுத்தாள். அதைச் சொன்னால் நடுப்பெயரும் கூடவே வந்துவிடும் என்று தோன்றியது.

இன்னும் வைக்கவில்லை என்று தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். குழந்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் கீழே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜஸீலா எட்டி ஜன்னல் மறைப்பை இழுத்து மூடினாள்.