பூசத்துக்கு முதல் நாள் காலி விமானம்

கோலாலம்பூர் போகிற விமானம் காலியாகத்தான் போகும் என்பதை, விமானக் கம்பெனிக்காரனுக்கே தெரிவதற்கு முன்னால், நெய்வேலி ஆர்ச் கேட்டுக்கு வெளியே என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் கண்டுபிடித்துவிட்டேன்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ரிட்டயர் ஆகும்வரை நான் ஷிப்ட் பஸ் அனுப்பிக்கொண்டிருந்தவன். டவுன்ஷிப்பில் பிளாக் பிளாக்காகப் போய் ஆட்களை ஏற்றிச் சுரங்கத்தில் இறக்கும் பஸ்கள். எந்த பிளாக்குக்கு ஒரு பஸ் போதும், எந்த பிளாக்குக்கு இரண்டு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு தெருவில் சைக்கிளில் போனால் போதும். எத்தனை வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிறது என்று மூக்கு சொல்லும், மதிய ஷிப்டுக்கு எத்தனை பேர் மட்டம் போடுவார்கள் என்று குழம்பு சொல்லும். இந்த மூக்கை இன்ஷூர் செய்ய வேண்டும் என்று பெரிய அதிகாரி ஒருவர் சொன்னார். சொல்லாவிட்டாலும் சொல்லியிருக்க வேண்டியவர்தான்.

எங்கள் மகள் பொற்கொடி கோலாலம்பூரில் இருக்கிறாள். அவள் பெண் அபிக்கு ஒரு வயது ஆகப்போகிறது. நானும் என் மனைவி வீரம்மாளும் பேத்தியை இன்னும் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். போகலாம் என்றால் வீரம்மாளின் முழங்கால் குறுக்கே நின்றது. ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம். காலை மடக்கி வைக்காமல் நீட்டி உட்காரச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு நாள் பண்ருட்டிவரை பஸ்ஸில் போய் வந்தாள். திரும்பி வந்தபோது முழங்கால் இளம் பலாப்பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது. நான் கூட்டிச் சொல்லவில்லை, முள் மட்டும்தான் இல்லை.

"நாலு மணி நேரம் காலை மடக்கிக்கினு போயி, அங்க எறங்கி நொண்டிக்கினு நின்னா, புள்ளைய எப்பிடிங்க தூக்கறது? நான் நின்னுக்கினு தூக்கணும். ஒக்காந்து மடியில வாங்கிக்க மாட்டேன், ஆமா" என்றாள். அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

டிக்கெட் போட்ட பிறகு கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. கூடுதலாகக் கொஞ்சம் பணம் கட்டினால் முன்வரிசையில் பெரிய சீட்டு, காலை நன்றாக நீட்டிக்கொள்ளலாம். பொற்கொடி உடனே போன் செய்தாள்.

"அப்பா, அம்மாவுக்காவது அப்கிரேடு பண்ணிடறேம்பா."

"வேணாம். பிளேன் காலியா போவும். மூணு சீட்டு வரிசையில நான் ஜன்னல் ஓரம், உங்கம்மா நடைபாதை ஓரம் போட்டிருக்கேன். நடு சீட்டை எவன் கேக்கப்போறான்? பிளேன் கெளம்பினதும் நான் வேற வரிசைக்கு எந்திரிச்சுப் போயிடுவேன். உங்கம்மா மூணு சீட்டுலயும் மகாராணி மாதிரி படுத்துக்கினு வருவா."

"காலியா போவும்னு யாருப்பா சொன்னா?"

"யாரும் சொல்ல வேணாம். தேதியைப் பாரு. மறுநாள் தைப்பூசம்!"

தைப்பூசம் என்றால் எங்கள் பக்கம் என்ன நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வடலூரில் ஜோதி தரிசனம். முந்தின நாளே டவுன்ஷிப்பில் பாதி வடலூர்ச் சாலையில் நடந்துகொண்டிருக்கும். மீதிப் பாதி அவர்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருக்கும். என் சர்வீஸ் முழுக்கப் பூசத்து ஷிப்ட் பஸ்ஸில் போனது டிரைவரும் ஒரு ஈயும்தான். அந்த ஈயும் வடலூர் திருப்பத்தில் இறங்கிவிடும். அப்படிப்பட்ட நாளில் எந்த மடையன் விமானம் ஏறுவான்?

பக்கத்து வீட்டு அருண்ராஜ் மட்டும் நம்பவில்லை. கம்ப்யூட்டர் வேலைப் பையன், மாதம் ஒருமுறை எங்காவது பறப்பவன்.

"அங்கிள், சீட் படத்துல காலியா காட்டுறதை நம்பாதீங்க. முன்கூட்டியே சீட் எடுக்காதவங்க எல்லாம் ஏர்போர்ட்டுல வந்துதான் ஒக்காருவாங்க. இன்னும் எத்தனை டிக்கெட் விக்கிறாங்கன்னு பாருங்க. புதுசா புக் பண்ற மாதிரி ஒம்பது பேருக்குக் கேட்டுப் பாருங்க, குடுக்குதான்னு."

கேட்டோம். கொடுக்கவில்லை. ஐந்து கேட்டோம். அதுவும் இல்லை. இரண்டுதான் இருக்கிறது என்றது.

"பாத்தீங்களா? ஃபுல்லாவப் போவுது."

"போடா. பண்ருட்டியில பலாப்பழக்காரன் மொத்தத்தையும் சாக்குக்கு அடியில மறைச்சுட்டு ரெண்டே ரெண்டுதான் சார் இருக்குன்னு சொல்லுவான். அதே வியாபாரம்டா இது."

அருண்ராஜ் வீரம்மாளைப் பார்த்தான். வீரம்மாள் என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க மூக்கு பஸ்ஸுக்கு சரி. பிளேனுக்கு வேலை செய்யுமா?"

"பஸ்ஸுக்கு றெக்கை வெச்சா பிளேன்."

"அப்ப சரி. ஆனா எங்காலு மட்டும் வீங்குச்சு, உங்களை அங்கயே உட்டுட்டு வந்துருவேன்."

மெயிலில் வந்த பெரிய சீட்டுச் சலுகை அன்றோடு முடிந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பூசத்துக்கு முதல் நாள் சென்னை விமான நிலையத்துக்குள் நுழைந்தோம். வீரம்மாளுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்:

"ஏங்க, இன்னாங்க இது, இவ்ளோ மொட்டை?"

நானும் பார்த்தேன். மஞ்சள் வேட்டி. பச்சை வேட்டி. சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், வெயிலில் காயப்போட்ட முந்திரிக்கொட்டை மாதிரி, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை. ஒரு லட்சம் பேர் இருப்பார்கள். சரி, ஆயிரம். 'அரோகரா' என்று ஒருவர் சொன்னால் கண்ணாடிக் கூரை அதிர்ந்தது.

என் கணக்கு லேசாக ஆட்டம் கண்டது. ஆனாலும் தளரவில்லை. எங்கள் ஊரில் ஒருவன் துபாய் போனால் வழியனுப்ப ஒரு வேன் போகும். வேனில் இடம் கிடைக்காதவர்கள் பின்னாலேயே பஸ்ஸில் போவார்கள்.

"வழியனுப்ப வந்தவங்க" என்றேன்.

"எல்லாருமா?"

"யாரோ ஒருத்தர் ரெண்டு பேரு போறாங்க. பாசக்காரக் குடும்பம்."

அவளைத் தூண் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மொட்டை நின்றது. இருபத்தைந்து வயசுப் பையன். பாஸ்போர்ட்டைக் கற்பூரத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்தியிருந்தான்.

"எந்த ஊரு தம்பி?"

"குள்ளஞ்சாவடிங்க. பேரு குழந்தைவேல்."

"அட, நம்ம பக்கம்! பூசத்துக்கு வடலூரை உட்டுட்டு எங்கப்பா கெளம்பிட்ட?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "பூசத்துக்குத்தாங்க போறோம். அங்க பத்துமலை முருகனுக்குத் தைப்பூசம்னா ஊரே நிக்குமே! ரெண்டு வருசமா மாசச் சீட்டு கட்டி, எங்க ஊரு கோயில்ல மொட்டை போட்டுக்கினு, மொத்தமா கெளம்பிட்டோம். உங்களுக்குத் தெரியாதுங்களா?"

மலேசியாவில் முருகன் இருப்பது எனக்குத் தெரியும். போன பூசத்துக்குக்கூட அந்த உயரமான சிலையை டிவியில் பார்த்து வீரம்மாளிடம் காட்டினேன். அதே தைப்பூசம் இங்கே பஸ்ஸைக் காலி செய்யும், அங்கே போகிற விமானத்தை நிரப்பும் என்பது மட்டும் இந்த மூக்குக்கு எட்டவில்லை. முப்பது வருஷமாக வடலூர்ப் பக்கமே திரும்பி இருந்த மூக்கு அது.

கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "நடு சீட்டு காலியாதானேம்மா?"

"ஃபுல் ஃப்ளைட் சார். ஒரு சீட் கூட இல்ல."

"முன்னாடி பெரிய சீட்டு?"

அவள் கணினியைத் தட்டினாள். தட்டினாள். அவள் தட்டிய ஒவ்வொரு தட்டும் வீரம்மாளின் முழங்காலில் விழுவதாக எனக்குப் பட்டது. தூண் ஓரத்தில் அவள் அபிக்கென்று பின்னிய தொப்பியை மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

"ஒன்னே ஒன்னு இருக்கு சார். ஆனா இப்ப சலுகை விலை கிடையாது."

"போடும்மா. வீல்சேர்ல இருக்கே, அந்த அம்மாவுக்கு."

வேண்டாம் என்ற சீட்டையே, அவர்கள் சொன்ன விலைக்கு, வாயை மூடிக்கொண்டு வாங்கினேன். வீரம்மாளிடம் போனபோது வாய் மறுபடி திறந்துகொண்டது.

"உனக்கு முன்னால பெரிய சீட்டு குடுத்துட்டாங்க."

"பிளேன் காலின்னீங்களே? அப்பறம் எதுக்குப் பெரிய சீட்டு?"

"காலியா இருக்கறதாலதான். பின்பக்கம் மட்டும் ஆளு இருந்தா பிளேன் வாலு கீழ தொங்கிடுமாம். முன்னாடி கொஞ்சம் கனமான ஆளா ஒருத்தரைக் கேட்டாங்க."

"ஓகோ. நான்தான் கனமா?"

"சும்மா பேலன்சுக்கு."

சக்கர நாற்காலியைத் தள்ளியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

சக்கர நாற்காலிக்காரர்களை முதலில் ஏற்றினார்கள். அரோகரா கூட்டத்தோடு நான் கடைசியில் ஏறினேன். முன்னால் ஒரு மொட்டை, பின்னால் ஒரு மொட்டை. வீரம்மாள் முன்வரிசையில், கால் இரண்டையும் நீட்டி, தலையணை வைத்து, கையில் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்திருந்தாள். உள்ளே போன மொட்டைகள் எல்லாம் அவளைக் கும்பிட்டுவிட்டே போயிருக்க வேண்டும். அந்தக் களை முகத்தில் இருந்தது.

"ஏங்க, வழியனுப்ப வந்தவங்க உள்ளயே வர்றாங்களே?"

"சீட்டு வரைக்கும் வந்து உட்டுட்டுப் போவாங்க."

"நீங்க போங்க. போயி மூணு சீட்டுலயும் படுங்க."

என் வரிசையில் நடு சீட்டில் குழந்தைவேல்! வீரம்மாளுக்கு முதலில் போட்டிருந்த சீட்டில் அவன் மாமா குமரவேல். அவருக்கு மொட்டையோடு தொப்பையும் உண்டு.

"அய்யா, நான் மொத தடவை பறக்கறேன். ஜன்னலு குடுக்கறீங்களா?" என்றான் குழந்தைவேல்.

கொடுத்தேன். நடுவில் போய்ச் செருகிக்கொண்டேன். எந்த சீட்டு காலியாக இருக்கும் என்று டவுன்ஷிப் முழுக்கச் சொல்லிவைத்தேனோ, அதே சீட்டு. கைப்பிடி இரண்டும் அவர்களுக்கு. எனக்கு மூச்சு மட்டும். விமானம் மேலே ஏறியதும் குழந்தைவேல் மேகத்தைப் பார்த்து ஒரு அரோகரா போட்டான்; மொத்த விமானமும் திருப்பிச் சொன்னது. அதில் விமானம் பத்தடி கூடுதலாக எழும்பியது, நான் சத்தியம் செய்கிறேன். அப்புறம் தினைமாவு வந்தது, பஞ்சாமிர்தம் வந்தது, பண்ருட்டி முந்திரி வந்தது. விரதக்காரர்கள் விரதம் இல்லாத என்னை அடைத்து ஊட்டினார்கள். வங்காள விரிகுடா பாதி தாண்டும்போது குழந்தைவேல் என் இடது தோளில் சாய்ந்தான். குமரவேல் வலது தோளில் சாய்ந்தார். இரண்டு தலையும் இரண்டு இளநீர் மாதிரி கனத்தன. நான் அசையவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிற ஆளை எழுப்பக்கூடாது என்று ஷிப்ட் பஸ்ஸிலேயே பழக்கம்.

இறங்கியபோது வீரம்மாள் சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். முழங்காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை. நான்கு மணி நேரத்தில் அவளுக்கு ஒரு பத்து வயசு குறைந்திருந்தது.

"தூங்கனீங்களா?"

"காலை நீட்டிக்கினு, பொரண்டு பொரண்டு."

அவள் என் தோள்களை மாறி மாறிப் பார்த்தாள். முன்னால் நடந்தாள். நொண்டவில்லை.

வெளியே பொற்கொடி அபியோடு நின்றாள். வீரம்மாள் கையை நீட்டினாள். குழந்தை கொஞ்சம் யோசித்தது, பாட்டியின் மூக்குத்தியைப் பார்த்தது, தாவிவிட்டது. வீரம்மாள் நின்றுகொண்டே வாங்கி, இடுப்பில் வைத்து, நின்றுகொண்டே ஒரு சுற்றும் சுற்றினாள்.

"அப்பா, ஃப்ளைட் காலியா இருந்துச்சா?" என்றாள் பொற்கொடி. அவள் முதுகுக்குப் பின்னால் மொட்டைகள் அரோகரா போட்டுக்கொண்டு போனார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீரம்மாள் முந்திக்கொண்டாள். "காலிதான்டி. உங்கப்பா மூணு சீட்டுல படுத்துக்கினு வந்தாரு. நான் எட்டிப் பாத்தேன்."

"அப்ப அப்பா சட்டையில என்னம்மா அது? ரெண்டு தோள்லயும் வட்டமா?"

குனிந்து பார்த்தேன். இட்லித் தட்டு அளவில் இரண்டு சந்தன வட்டங்கள். இடது பக்கம் குள்ளஞ்சாவடி, வலது பக்கம் அவன் மாமா.

"பூசம் இல்லியா" என்றாள் வீரம்மாள், தான் பின்னிய தொப்பியைக் குழந்தைக்கு மாட்டியபடி. "காலியா போற பிளேனாச்சே, கண்ணு படக்கூடாதுன்னு சீட்டுக்கெல்லாம் சந்தனம் பூசி வெச்சிருந்தாங்க."

இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் என்னைவிடப் பெரிய புளுகு ஒன்றை அவள் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வரும்போது பங்குனி உத்திரம் சமயம்" என்று ஆரம்பித்தேன். "அன்னிக்கு எவன் பிளேன் ஏறுவான்? என் மூக்கு சொல்லுது..."

"பொற்கொடி," என்றாள் வீரம்மாள், "திரும்பி வர்றதுக்கும் முன்னால பெரிய சீட்டு இன்னிக்கே போட்டுடு. எனக்கு ஒன்னு. உங்கப்பா மூக்குக்கு ஒன்னு."